தோலடி ஆச்சா?

அன்புள்ள தம்பிக்கு,

திருப்பத்தூருக்குப் பெண் பார்க்கப் போன அன்று நீ கந்தரப்பம் தின்றதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றை எடுத்து, பிய்த்து, மெல்லாமல் விழுங்கினாய். பெண்ணின் அம்மா தட்டை மறுபடியும் நீட்டி, "இன்னொண்ணு எடுத்துக்கிருங்க மாப்பிள்ளை, வெக்கப்படாதீக" என்றதும் இரண்டாவதையும் எடுத்தாய். உன் பெரியப்பா எனக்கு எதிரில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து தட்டை வாங்கிவிடலாமா என்று நினைத்த நேரத்தில் அந்தப் பெண் தலை நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள். "இனிப்புப் புடிக்கலையா? காரம் எடுத்தாரவா?" என்று கேட்டாள். அத்தனை பேர் இருந்த அறையில் நீ எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கவனித்தவள் அவள் ஒருத்திதான். நீ சொன்னாய்: "இல்லல்ல, எனக்கு ரொம்பப் புடிக்கும்." கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் நீ பேசிய முதல் வார்த்தை அது. அது பொய்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோதனைக் குழாயை அடுப்பில் காட்டியபோது நீலமாக இருக்க வேண்டிய மருந்து செங்கல் நிறத்துக்குப் போனது. நீ அதைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்தாய். மறுநாள் பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான் பேச்சை எடுத்தேன். நிச்சயத்துக்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றேன். "தாலி ஏறட்டும்மா, பெறகு மெதுவாச் சொல்லிக்கிறேன். பெரியப்பாவும் அதான் சொல்றாக" என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் என் தோளைத் தொட்டு, "நீ அப்பாவக் கட்டிக்கிட்டு நல்லாத்தானம்மா இருக்க?" என்று கேட்டாய். பஸ் வந்துவிட்டது. நீ ஏறிவிட்டாய்.

நல்ல கேள்வி அது. பஸ் நிறுத்தத்தில் நின்று பதில் சொல்லக்கூடியது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ படித்துவிட்டு ஒளித்து வைக்க வேண்டியதில்லை. பெரியப்பாவிடம் காட்டு. உன் கூட்டாளிகளிடம் காட்டு. கல்யாணத்துக்குக் காத்திருக்கும் எந்தப் பையனிடமும் காட்டலாம். யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது பதினேழு வயது. காரைக்குடியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த வாசகசாலையை விட்டுவிட்டு நாச்சியாபுரத்துப் பக்கம் இந்த வீட்டுக்கு வந்ததுதான் அப்போது எனக்குப் பெரிய வருத்தம். உன் அப்பா நல்லவராக இருந்தார். குரல் உயர்த்திப் பேசமாட்டார். தினமும் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போவார். எங்கே என்று கேட்டேன். கம்பவுண்டர் வீட்டுக்குப் பேப்பர் படிக்கப் போவதாக உன் பெரியப்பா சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷம், தெரியுமா? புத்தகம் படிக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோம் என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொள்வேன்.

"நாட்டுல என்னங்க சேதி?"

"சேதி என்ன சேதி. எல்லாம் இருந்தமானிக்கு இருக்கு."

"அதுக்காகவா தெனம் சைக்கிள மிதிச்சுப் போறீக?"

சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தப் பேப்பரில் ஒரு நாளும் ஒன்றும் இருந்ததில்லை. மழை இல்லை, தேர்தல் இல்லை, விலைவாசி இல்லை. கம்பவுண்டர் வீட்டுக்கு மட்டும் எந்த ஊர்ப் பேப்பர் வருகிறது என்று நான் கேலி செய்துகொண்டே இருந்தேன். உன் அப்பாவின் தொடைகளில் விரல் நுனி புதைகிற அளவுக்குக் குழிகள் இருந்தன. சின்ன வயதில் அம்மை போட்ட வடு என்றார்கள். முகத்தில் ஒரு வடுவும் இல்லாமல் தொடையில் மட்டும் போட்ட அம்மையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனாலும் நம்பினேன். ஒரு வீடு முழுக்கச் சேர்ந்து ஒன்றைச் சொன்னால், புதிதாக வந்தவளுக்கு நம்புவதைத் தவிர வேறு வேலை இல்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. நீ பிறந்து, தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தாய். அந்த வருஷம் கருப்பர் கோயில் படைப்பு நம் வீட்டு முறை. முறைக்காரர்கள் படையல் முடிகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்க வேண்டும், உனக்குத் தெரியும். உன் அப்பா காலையில் வழக்கம்போல் 'பேப்பர் படித்துவிட்டு' வந்தார். குளித்தார், ஈர வேட்டியோடு கோயிலுக்கு வந்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. பொங்கல் பொங்க நேரமானது. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றேன். திடீரென்று ஆண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. பார்த்தால் உன் அப்பா. உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றுகிறது. கையும் காலும் உதறுகின்றன. கண்கள் எங்கேயோ நிலைகுத்தியிருக்கின்றன. வாயில் ஏதோ வார்த்தை வருகிறது, வார்த்தையாக வரவில்லை.

"கருப்பரு எறங்கிட்டாருடா!" என்று யாரோ கத்தினார்கள். உடனே மேளம் வேகமெடுத்தது. குலவை கிளம்பியது. அதுவரை நம் வீட்டில் யாருக்கும் சாமி வந்ததில்லையாம். இப்போது வந்துவிட்டதென்று கூட்டம் விழுந்து விழுந்து கும்பிட்டது. மேலத்தெரு ராக்கம்மா முன்னால் ஓடிப்போய், "அப்பே, எம்மகனுக்கு எப்பப் பொண்ணு அமையும்? சொல்லிட்டுப் போ அப்பே!" என்று காலைப் பிடித்துக்கொண்டாள். உன் அப்பா அவள் பக்கம் திரும்பி ஏதோ குழறினார். "தைக்குள்ளங்கிறாரு, தைக்குள்ளங்கிறாரு" என்று பக்கத்தில் இருந்தவர் அர்த்தம் சொன்னார். ஒருவர் சுருட்டைப் பற்றவைத்து நீட்டினார். இன்னொருவர் அரிவாளைக் கொண்டுவந்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறாயா? உன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்தேன். நானும் கும்பிட்டேன். என் புருஷன் என் கண் எதிரில் செத்துக்கொண்டிருந்தார். என் மடியில், படையலுக்கு என்று முடிந்து வைத்திருந்த வெல்லக் கட்டி இருந்தது. நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். இதை எண்ணி ஒரு காலத்தில் என்னையே திட்டிக்கொண்டேன். இப்போது திட்டுவதில்லை. அது என் தப்பு இல்லை. வெல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயில் போடத் தெரியாத இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களின் தப்பு.

அங்கே உண்மை தெரிந்தவர் ஒருவர் இருந்தார். உன் பெரியப்பா. அவர் முகம் சாம்பலாகிவிட்டது. 'தம்பிக்குச் சீக்கு, ஊசி போட்டுட்டு ஒண்ணும் திங்காம இருக்கான்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேளம் நின்றிருக்கும். ஆனால் அந்த வார்த்தை வெளியே வந்தால், அப்புறம் நம் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள், யார் கொடுப்பார்கள்? அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பானகக் குடத்தண்டை ஓடினார். ஒரு செம்பு நிறைய மொண்டுகொண்டு வந்து, "வெலகுங்க, வெலகுங்க! சாமிக்குத் தாகம், சாமி பானகங் கேக்குது!" என்று கத்தினார்.

"கருப்பருக்குச் சுருட்டுல்ல கேக்கும்? என்னப்பா பானகங்கிற?" என்றார் சுருட்டுக்காரர்.

"இந்தக் கருப்பருக்குப் பானகந்தான். நீ அங்குட்டுத் தள்ளு!"

உன் அப்பா ஒரு செம்பு குடித்தார். இரண்டாவது செம்பு குடித்தார். மீதியைக் கூட்டம் பிரசாதமென்று கையேந்தி வாங்கிக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றது. உன் அப்பா சுற்றிலும் பார்த்து, "ஏன் எல்லாரும் கும்புடுறீக?" என்று கேட்டார். "சாமி மலையேறிருச்சு" என்றார்கள். எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிடப் போனார்கள்.

தம்பி, உன் பெரியப்பாவை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவர்தான் உன் அப்பாவைக் காப்பாற்றினார். ஆனால் காப்பாற்றும்போதும் மறைத்துக்கொண்டேதான் காப்பாற்றினார். செம்பைப் பிடித்த அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். சாமிக்குப் பானகம் கொடுக்கிறவரின் கை அப்படி நடுங்காது. வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவை உட்காரவைத்துக் கேட்டேன். "சாமிக்கு எதுக்குங்க பானகம்?" அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வேட்டியை விலக்கித் தொடையைக் காட்டினார். அன்றைக்குக் காலையில் போட்ட ஊசியின் புள்ளி, ஒரு குழிக்குப் பக்கத்தில் சிவப்பாக இருந்தது. "அம்மை இல்ல" என்றார்.

அடுத்த வாரம் நான் அவரோடு காரைக்குடிக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். நான்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். டாக்டர் சீட்டில் எழுதும்போது, சர்க்கரை நோய்க்கான ஊசி மருந்தை எங்கே போட வேண்டும் என்பதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு சொல் சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று அங்கே இருந்த நர்ஸுக்குத் தெரிந்துவிட்டது. "தோலுக்கு அடியில, அம்புட்டுத்தான். தோலுக்கும் சதைக்கும் நடுவுல. சதைக்குள்ள எறக்கிறாதீக. ஒரே எடத்துல குத்திக்கிட்டே இருந்தாத்தான் இப்படிக் குழி விழுகும், மாத்தி மாத்திப் போடுங்க" என்று சொல்லி, என் கையைப் பிடித்துத் தோலைக் கிள்ளித் தூக்கிக் காட்டினார். வீட்டுக்கு வந்து அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். 'தோலடி சார்ந்த' என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை பெரிய ரகசியத்துக்கு இத்தனை சாதாரணமான பெயர்.

மறுநாள் காலையில் உன் அப்பா சைக்கிளை எடுத்தபோது, "பேப்பர் இனிமே வீட்டுக்கே வரும். உக்காருங்க" என்றேன். கண்ணாடி ஊசியைச் சின்னச் சட்டியில் கொதிக்க வைத்தேன். அவருக்குப் போடுவதற்கு முன்னால், ஆறின வெந்நீரைக் கொஞ்சம் ஏற்றி என் தொடையில் போட்டுப் பார்த்துக்கொண்டேன். எவ்வளவு வலிக்கும் என்று தெரியாமல் இன்னொருவர் உடம்பில் குத்த எனக்கு மனம் வரவில்லை. எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. மருந்துப் புட்டி குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அதைப் புதுப் பானையில் ஈர மணலுக்குள் புதைத்து வைத்தோம். அந்தப் பானையை அடுப்படியில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தேன். என் மாமியார் எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைப்பார். நான் மறுபடியும் எடுத்து முன்னால் வைப்பேன். கொஞ்ச நாளில் அவருக்கே அலுத்துவிட்டது.

இப்படித்தான் அந்தச் சொல் நம் வீட்டுக்குள் வந்தது. முதலில் 'தோலடி ஊசி' என்றோம். ஊசி என்று சத்தமாகச் சொல்லாதே என்று மாமியார் பல்லைக் கடித்ததால் 'ஊசி' உதிர்ந்துபோய் வெறும் 'தோலடி' ஆனது. "தோலடி ஆச்சா?" என்று கேட்ட பிறகுதான் இலை போடுவேன். "தோலடிக்கு நேரமாச்சு, பேசிக்கிட்டே இருக்கீக" என்பேன். மாமியாரே ஒரு நாள் மாட்டுத் தொழுவத்திலிருந்து, "அவனுக்குத் தோலடி போட்டியா, இல்ல நான் வரவா?" என்று குரல் கொடுத்தார். நான் அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ பேச ஆரம்பித்ததும் கன்றுக்குட்டிக்குத் தோலடி போட்டாய். பூசணிக்காய்க்குப் போட்டாய். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம், "எங்கப்பா தோலடி போட்டுட்டுத்தான் இட்லி திம்பாக" என்று சொல்ல, அவர் அதை ஏதோ கஷாயம் என்று நினைத்து என்னிடம் பக்குவம் கேட்டார்.

அப்போது நான் வாத்தியாரிடம் சொல்லவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது யோசித்தால் தெரிகிறது, நான் பாதிதான் ஜெயித்திருந்தேன். வீட்டுக்குள் அந்தச் சொல் எல்லாவற்றையும் திறந்து வைத்தது. வாசலைத் தாண்டினால் அதே சொல்லால்தான் மூடிக்கொண்டோம். யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில்தான் சத்தமாகச் சொன்னோம். ஊருக்கு உன் அப்பா சாமியாடி. ஒவ்வொரு படைப்புக்கும் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சட்டைப்பையில் கல்கண்டு போட்டுக்கொண்டு போவார். ஜனங்கள் காலில் விழுவார்கள். திருநீறு பூசிவிடுவார். வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்வார். எல்லோருக்கும் முன்னால் உயர்த்தி வைக்கப்பட்ட மனிதன் அப்படிக் கூனிக்குறுகிப் படுத்திருந்ததை நான் வருஷா வருஷம் பார்த்தேன்.

பிறகு உனக்குப் பதினாறு வயதானது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாய். சட்டை தொளதொளத்தது. நீ ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் வரவில்லை. உன் அப்பாவின் சோதனைக் குழாயை எடுத்து, மருந்தை ஊற்றி, உன் மூத்திரத்தில் சில சொட்டு விட்டு, அடுப்பில் காட்டினேன். அப்போதே அவருக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் நின்று, "என்ன நெறம்? என்ன நெறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீதான் எட்டிப் பார்த்தாய். "செங்கல்லுப்பா" என்றாய். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப எனக்கும் தோலடியாம்மா?" என்று கேட்டாய். நான் தலையாட்டினேன். நீ அப்பாவின் பெட்டியைத் திறந்து, "எதும்மா என் ஊசி?" என்றாய். அழவில்லை. ஏன் தெரியுமா? பிறந்ததிலிருந்து நீ பேசிய சொல் அது. கன்றுக்குட்டிக்கும் பூசணிக்காய்க்கும் வந்தது உனக்கும் வந்தது, அவ்வளவுதான். என் கண்ணுக்கு முன்னால், ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்லி வளர்த்ததற்குக் கிடைத்த பலனை நான் பார்த்தேன். அதே பிள்ளைதான் ஐந்தாறு வருஷம் கழித்து, ஒரு பெண்ணின் முன்னால் உட்கார்ந்து கந்தரப்பத்தை மெல்லாமல் விழுங்கினான். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன். இப்போது கேட்டாலும் இதே மனிதரைத்தான் சொல்வேன். ஆனால் பதினேழு வயதில் என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பேனா? எனக்குத் தெரியாது, தம்பி. சம்மதித்திருக்கலாம். ஓடியும் போயிருக்கலாம். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவள் நான். என்னைக் கேட்காமலே எனக்காகப் பதில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த அன்பு, மரியாதை, நீ, உன் தங்கச்சி, எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு பதிலைத் திருப்பித் தர முடியவில்லை. நான் நன்றாக இருப்பதை எடுத்துக்கொண்டு, இன்னொரு பெண்ணை ஏமாற்றுவதற்கு நீ சாட்சி சேர்க்காதே. அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

பெரியப்பா என்னிடமும் வந்து சொல்லிப் பார்த்தார். "தாலி ஏறட்டும் தாயி. ஏறிட்டா அது நம்ம வீட்டுப் பிள்ள. நம்ம வீட்டு விசயம் நம்மளோட."

"எனக்கும் அப்படித்தான ஏத்துனீக?"

"அதையே எத்தன வருசத்துக்குச் சொல்லுவ?"

"இந்தக் கல்யாணம் முடியிற வரைக்குஞ் சொல்லுவேன். அப்புறம் சொல்ல வேண்டி இருக்காது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாங்கள் பேசியதை உன் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். நீ கந்தரப்பம் தின்றதை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

போன வாரம் படைப்பு நடந்தது. நீ வேலையில் இருந்ததால் வர முடியவில்லை. அதனால் அங்கே நடந்ததை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். உன் அப்பாவை நான் கைபிடித்துக் கூட்டிப்போனேன். மேளம் தொடங்கியதும் ராக்கம்மா முன்னால் வந்துவிட்டாள். இந்தத் தடவை பேரனுக்காக. "அப்பே, எம்பேரனுக்கு எப்ப வேல கெடைக்கும்?" உன் அப்பா திருநீற்றுத் தட்டைத் தொடவில்லை. மேளக்காரரை நிறுத்தச் சொன்னார். கூட்டம் அமைதியானது. "ராக்கம்மாக்கா, எனக்குச் சாமி ஒரு நாளும் வந்ததில்ல" என்றார். "அன்னைக்கு எனக்கு ஒடம்புல சக்கரை கொறைஞ்சு போச்சு. தெனம் ஊசி போடுற ஆளு நான். சாப்புடாமக் கெடந்தேன், அதான் ஒதறுச்சு. எம்மகனுக்கும் அது இருக்கு. இனிமே எங்கால்ல யாரும் விழுகாதீக."

பெரியப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். ராக்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அது கெடக்கட்டும் அப்பு. நீ தைக்குள்ளன்ன, எம்மகனுக்குத் தையிலதான கல்யாணம் ஆச்சு? சக்கரை கொறைஞ்சே அம்புட்டுச் சரியாச் சொன்னியே. இப்பப் பேரனுக்குஞ் சொல்லிட்டுப் போ."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். கோயிலில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சுருட்டுக்காரர் வீட்டு மருமகள் என்னைத் தனியே கூப்பிட்டு, தன் அண்ணனும் இதே ஊசிதான் போட்டுக்கொள்கிறார், வீட்டில் வெளியே சொல்வதில்லை என்று சொன்னாள். இருபது வருஷமாக நாங்கள் எதைக் காவல் காத்தோம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

எல்லா இடத்திலும் இப்படிச் சிரித்து முடியும் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். திருப்பத்தூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அவர்களுக்கும் மகளைப் பற்றிக் கவலை இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்றால் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டு, மரியாதையாகத் திரும்பி வா. உனக்கு வலிக்கும். எனக்கும் வலிக்கும். ஆனால் நீ வந்து படுத்துக்கொள்ள ஒரு வீடு இருக்கிறது, "தோலடி ஆச்சா?" என்று கேட்க ஆள் இருக்கிறது. பொய்யை நம்பி வந்த பெண்ணுக்கு அன்று ராத்திரி போய்ப் படுக்க எந்த வீடும் இருக்காது. வந்த வீடும் தனதில்லை, பிறந்த வீடும் இனித் தனதில்லை.

நிச்சயத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நீ திருப்பத்தூர் போகிறாய். பெரியப்பா வேண்டாம், நானும் வேண்டாம், நீயே போ. அவள் அப்பாவிடம் பேசும்போது அவளும் கூட இருக்க வேண்டும் என்று கேள். நோயின் பெயரைச் சொல்வதோடு நிறுத்திவிடாதே. பெட்டியைத் திறந்து காட்டு. ஊசியைக் காட்டு, எப்படிக் கொதிக்க வைக்கிறாய் என்று சொல், எங்கே போடுகிறாய் என்று சொல். வியர்த்து உதறினால் சாமி இல்லை, சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று சொல். அந்தப் பெண் ஏதாவது கேட்டால், அவள் அப்பாவைப் பார்த்துப் பதில் சொல்லாதே, அவளைப் பார்த்துச் சொல். அவள் கவனிக்கிறவள். இரண்டு கந்தரப்பத்தில் உன்னைப் பிடித்துவிட்டாள். அவளுக்குப் பிள்ளைகள் பற்றியும் பயம் வரும், அதையும் கேட்பாள். தெரியாததைத் தெரியாது என்று சொல். நாளைக்கு அவள் கையில் உன் உயிரைக் கொடுக்கப் போகிறாய் என்றால், என்ன கொடுக்கிறோம் என்பதை முதலில் காட்டிவிட்டுக் கொடு.

நீ போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிச்சயத்துக்கு நாம் தட்டு எடுத்துக்கொண்டு போவோம். வெற்றிலை பாக்கு ஒரு தட்டு, பழம் ஒரு தட்டு, சேலை ஒரு தட்டு, பூ ஒரு தட்டு. சபைக்கு நடுவில் வரிசையாக வைப்போம், எல்லோரும் பார்ப்பார்கள். அந்த வரிசையில் இன்னொரு தட்டும் இருக்கும். அதில் ஊசிப் பெட்டியும் பஞ்சும் மருந்துப் புட்டியும் இருக்கும். நான் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

இதுவரை எழுதியதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அம்மை வடு என்ற இடத்தில் கொஞ்சம் அசைந்தார். முடிந்ததும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். "பானகம் ரெண்டு செம்பு இல்ல, மூணு" என்றார். மேற்கொண்டு என்ன எழுத என்று கேட்டேன்.

"அவன் போவான். எம்மகன் போவான்னு எழுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "போகாட்டி, அந்தத் தட்ட நீ தூக்க வேணாம். நான் எடுத்துட்டு வாரேன்னு எழுது. எனக்குக் கண்ணு தெரியாட்டி என்ன, சபைக்கு என்னையத் தெரியுமுல்ல" என்றார்.

எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறக்காமல் தோலடி போட்டுக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. பலகாரம் நீட்டினால் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல். ஏன் என்று அவள் கேட்பாள்.

அம்மா